குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து ஆடக்கூடிய வீடியோ கேமைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கோத்தகிரி வீட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் ஐப்பசி பிறந்துவிட்டால் பிற்பகல் நான்கு மணிக்கே மூடுபனி வாசலுக்கு வந்துவிடும். தோட்டத்து வேலை முடிந்து வந்தவர்கள் கால் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தபின், மறுநாள் காலைவரை வெளியே போவதற்குக் காரணம் எதுவும் இருப்பதில்லை. எங்கள் வீட்டில் எழுபத்து நான்கு வயதுப் பாட்டி முதல் ஏழு வயது மகள் வரை ஏழு பேர். மே மாத மலர்க் கண்காட்சிக்காகக் கோயம்புத்தூர் உறவினர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தால் பதினொரு பேர். இவர்கள் அனைவரும் ஆளுக்கொரு கைப்பேசியுடன் மூலைக்கொருவராக ஒதுங்கிவிடாமல், ஒரே தொலைக்காட்சியின் முன் இரண்டு மணி நேரம் சேர்ந்து உட்கார வேண்டும் என்பதற்காகவே நான் வீடியோ கேம் வாங்கினேன்.

முதல் முறை தவறாக வாங்கினேன். உண்மையான கார் ஓட்டுவதைப் போலவே இருக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பந்தய விளையாட்டு அது. பதினைந்து வயதான என் அக்காள் மகன் எல்லாப் பந்தயங்களிலும் வென்றான். பாட்டியின் கார் சுவரில் மோதி, திசை மாறி நின்று, திரும்பவே இல்லை. "நீங்க ஓட்டுங்க கண்ணு, நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் கன்ட்ரோலரை (கையில் பிடித்து ஆடும் கருவியை) மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியின் முன் அந்தப் பையன் மட்டுமே இருந்தான். வீட்டில் நன்றாக ஆடத் தெரிந்தவரின் விருப்பத்தைக் கேட்டு வாங்கியதுதான் பிழை என்பது எனக்குப் பிறகே விளங்கியது. ஆடவே தெரியாதவரை மனத்தில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தால், ஆடத் தெரிந்தவர்கள் தாமாகவே வந்து சேர்ந்துகொள்வார்கள். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு கணக்கின் மேல் அமைந்தவை.

முதல் படி: விளையாட்டைப் பார்க்கும் முன் ஆட்களைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, ஆட உட்காரக்கூடிய ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுங்கள். பெயருக்கு நேரே வயதை மட்டும் எழுதினால் போதாது. கண், காது, கை, மொழி ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கண்புரை உள்ளவர் யார், மெல்லிய ஒலி கேட்காதவர் யார், விரல் மூட்டு வலிப்பவர் யார், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் யார் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தவுடனேயே சந்தையில் இருக்கும் விளையாட்டுகளில் பாதி விலகிவிடும்.

கையைப் பற்றி ஒரு முன்முடிவை இங்கே கைவிட வேண்டியிருக்கிறது. முதியவர்களின் கை மெதுவானது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எங்கள் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் அந்த விரல்களுக்கு வேகமும் தாளமும் இயல்பாகவே உண்டு. சரியான நொடியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டிய விளையாட்டுகளில் அவர் எங்கள் எல்லோரையும் தோற்கடித்திருக்கிறார். அவரால் முடியாதது வேறொன்று: கன்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் இரண்டு ஸ்டிக்குகளில், இடக்கை ஸ்டிக்கால் நடந்துகொண்டே வலக்கை ஸ்டிக்கால் கேமராவையும், அதாவது திரையில் தெரியும் பார்வையையும், திருப்புவது. இரண்டு கட்டைவிரல்களும் இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய விளையாட்டுகள்தாம் புதிதாக ஆடுபவர்களை விரட்டுகின்றன. வேகமான விளையாட்டுகள் அவ்வளவாக விரட்டுவதில்லை. ஆகவே கேமரா தானாகவே நிற்கும், அல்லது மேடை முழுவதும் ஒரே பார்வையில் தெரியும் விளையாட்டுகளுக்கே முதலிடம் கொடுங்கள்.

மொழியும் இங்கே சிறிய விஷயம் அல்ல. நீலகிரியில் ஒரே குடும்பத்துக்குள் தமிழும் படுகமும் கலந்து பேசப்படுவது உண்டு. கூடலூர்ப் பக்கம் போனால் மலையாளமும் சேர்ந்துகொள்ளும். பெரிய நிறுவனங்களின் குடும்ப விளையாட்டுகளில் தமிழ் மொழித் தேர்வு கிடைப்பது மிக அரிது. எனவே திரையில் வரும் கட்டளைகளைப் படித்துத்தான் ஆட முடியும் என்னும் விளையாட்டை விட்டுவிட்டு, படத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடியதைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

புதிய கருவி வாங்காமலே தொடங்கலாம். 2016-இல் மும்பையைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று வெளியிட்ட லூடோ கிங், இணையம் இல்லாமல் ஒரே கைப்பேசியைக் கைமாற்றிக்கொண்டு ஆடக்கூடியது; அதைக் கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ தொலைக்காட்சியில் காட்டினால் எல்லோரும் பார்க்கலாம். விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தாயக்கட்டை உருட்டிப் பழகியவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது. மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதை ஒரு மாலை ஆடிப் பாருங்கள் என்பேன். திரையைப் பார்த்து ஆடுவதில் யாருக்கு ஆர்வம் வருகிறது என்பது செலவில்லாமலே தெரிந்துவிடும்.

மடிக்கணினி இருந்தால், அதைத் தொலைக்காட்சியுடன் இணைக்க ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கம்பியும் இரண்டு கன்ட்ரோலர்களும் போதும். ஸ்டீம் என்னும் இணையக் கடையில் வாங்கும் விளையாட்டை, வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். குடும்பத்துக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாமல் வாங்குபவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

கன்சோல், அதாவது தொலைக்காட்சியில் இணைத்து ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட கருவி, வாங்குவதென்று முடிவு செய்தால் மூன்று செய்திகளை நினைவில் வையுங்கள். நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியுடன் வரும் ஜாய்-கான் இணையைப் பிரித்து இரண்டு பேர் தனித்தனிக் கன்ட்ரோலர்களாகப் பயன்படுத்தலாம் என்பதால், பெட்டியைத் திறந்தவுடனேயே இருவர் ஆட முடியும். ஆனால் விலை குறைவு என்பதற்காக ஸ்விட்ச் லைட்டை வாங்கிவிடாதீர்கள். அதில் கன்ட்ரோலர்களைக் கழற்ற முடியாது, அதைத் தொலைக்காட்சியிலும் இணைக்க முடியாது. இரண்டாவது, நிண்டெண்டோ நம் நாட்டில் பிளேஸ்டேஷனையும் எக்ஸ்பாக்ஸையும் போல நேரடியாக விற்கப்பட்டு வந்த கருவி அல்ல. இறக்குமதி செய்யும் கடைகளில்தான் பெரும்பாலும் கிடைத்துவந்தது என்பதால், பழுது பார்ப்பதும் உத்தரவாதமும் யார் பொறுப்பு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் கருவியில் வட்டு போடும் இடமே கிடையாது. எல்லாவற்றையும் இணையத்தில்தான் பதிவிறக்க வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் என்ன என்பதை அடுத்த படியில் பார்க்கலாம்.

கன்ட்ரோலர் விலையை விளையாட்டின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். நிறுவனங்களின் அசல் கன்ட்ரோலர் ஒன்றின் விலை பெரும்பாலும் ஒரு புதிய விளையாட்டின் விலையை எட்டும், சில சமயம் தாண்டும். பணத்தை மிச்சப்படுத்த நான் ஒருமுறை பழைய கன்ட்ரோலர்கள் இரண்டை இணையத்தில் வாங்கினேன். அவற்றில் ஒன்று, தொடாமல் வைத்திருந்தாலும் ஆளை இடப்பக்கமாகவே நடத்திக்கொண்டிருந்தது. அது பாட்டியின் கையில் இருந்ததால், தவறு அவருடையது என்றே ஒரு மாதம் எல்லோரும் நினைத்தோம். ஸ்டிக்கைத் தொடாமல் வைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். ஆள் நகர்ந்தால் அந்தக் கன்ட்ரோலரை வாங்காதீர்கள்.

மூன்றாம் படி: மலை வீட்டின் மின்சாரம், சிக்னல், மழை

சமவெளியில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. ஆனால் கற்பூர மரம் ஒன்று மின்கம்பியின் மேல் விழுந்தால் ஊர் முழுவதும் இருட்டாகும் இடங்களில் இருப்பவர்களுக்கு இதுவே முதன்மையானது.

மின்சாரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 1,800 வாட்-மணி ஆற்றல் இருப்பதாகக் கணக்கு; இழப்புகளையும், மின்கலத்தை அடியோடு வடியவிடக் கூடாது என்பதையும் கழித்தால் ஏறத்தாழ 1,000 வாட்-மணி கைக்கு வரும். பிளேஸ்டேஷன் 5 கனமான விளையாட்டுகளில் 200 வாட் அளவுக்கு இழுக்கும். தொலைக்காட்சிக்கு 80 வாட் என்று வைத்தால் மொத்தம் 280 வாட், அதாவது மூன்றரை மணி நேரம். ஸ்விட்ச் கருவி தொலைக்காட்சியில் இணைந்திருக்கும்போதும் 15 வாட்டை ஒட்டித்தான் செலவழிக்கும் என்பதால், அதே மின்கலத்தில் பத்து மணி நேரம்வரை ஓடும். விளக்குகளும் அதே மின்கலத்தில்தான் எரிகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். சில இன்வெர்ட்டர்கள் மாறும் அந்த நொடியில் கன்சோல் அணைந்துவிடும்; யு.பி.எஸ். முறைக்கு மாற்றும் பொத்தான் இருந்தால் அதைப் போட்டுவையுங்கள். சித்திரை, வைகாசியில் இடி இடிக்கும் மாலைகளில் ஆட்டத்தை நிறுத்தி, மின்கம்பியை மட்டுமல்லாமல் டிஷ் கம்பியையும் இணையக் கம்பியையும் சேர்த்தே பிடுங்கிவிடுவது நல்லது.

சிக்னல் அடுத்தது. நொடிக்கு 10 மெகாபிட் வேகம் சீராகக் கிடைத்தாலும், 10 ஜிகாபைட் அளவுள்ள விளையாட்டைப் பதிவிறக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எஸ்டேட் பகுதிகளில் அந்த வேகம் சீராகக் கிடைப்பதில்லை. எனவே வட்டாகவோ கார்ட்ரிட்ஜாகவோ (ஸ்விட்ச் கருவியில் செருகும் சிறு அட்டை) கிடைக்கும் விளையாட்டுகளுக்கு முன்னுரிமை தருவதும், இணையம் இல்லாமலே முழுவதும் ஆட முடியுமா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம்.

மழை ஓசையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அந்த நிலை வடகிழக்குப் பருவமழையில் வரும். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுச் செய்ய வேண்டிய விளையாட்டு அந்த மாதங்களுக்கு ஒத்துவராது.

குளிரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மார்கழி, தை உறைபனிக் காலத்தில் கதவு சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, கரிக் கணப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு ஆட உட்காராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. மலையூர்களில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. ஆட்டத்தில் மூழ்கியிருப்பவர்களுக்குத் தலைவலியும் மயக்கமும் வருவது தெரியாமலே போகும். கம்பளியும் குல்லாவும் போதும்.

நான்காம் படி: விளையாட்டின் குணத்தை அறியுங்கள்

நம் வீடுகளில் பழைய ஆட்டங்களுக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஆடுபுலி ஆட்டத்தில் தெரிந்தவர் எப்போதும் வெல்வார். பரமபதத்தில் ஏழு வயதுக் குழந்தை தாத்தாவைப் பாம்பின் வாயில் விட்டுவிட்டு ஏணியில் ஏறிப் போய்விடும். குடும்ப விளையாட்டுக்கு வேண்டியது இந்த இரண்டாவது குணம்தான், ஆனால் முழுவதுமாக அல்ல. வெறும் அதிர்ஷ்டம் என்றால் பதினைந்து வயதுக்காரன் எழுந்து போய்விடுவான். வெறும் திறமை என்றால் மற்ற எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். பின்தங்கியவரைத் தூக்கிவிடும் ஏற்பாடு விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது.

அடுத்தது, காத்திருக்கும் நேரம். ஏழு பேர் இருக்கும் அறையில் நான்கு கன்ட்ரோலர்கள் இருந்தால் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். ஒரு சுற்று மூன்று நிமிடத்தில் முடிந்தால் அவர்கள் கைதட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அரை மணி நேரம் ஆனால் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். சுற்று எவ்வளவு நேரம் ஓடும் என்பதை அட்டையில் போடுவதில்லை. யாராவது ஆடுவதைக் காணொளியில் பார்த்துக் கடிகாரத்தை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, திரை. நான்கு பேருக்கு நான்காகப் பிரியும் 32 அங்குலத் தொலைக்காட்சியில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது 16 அங்குலம்தான். எட்டடி தள்ளி, போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அதில் எது தன் வண்டி என்றே தெரியாது. எல்லோரும் ஒரே படத்துக்குள் ஆடும் விளையாட்டில் இந்தத் தொல்லை இல்லை.

போட்டியா கூட்டா என்பது குடும்பத்தைப் பொறுத்தது. கூட்டாக ஆடினால் சண்டை வராது என்று சொல்வார்கள், நான் நம்புவதில்லை. கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் எல்லோரும் ஒரே பக்கம்தான் நிற்கிறார்கள், அங்கே வராத சண்டையா?

ஐந்தாம் படி: பெயர் சொல்லிச் சில விளையாட்டுகள்

மேலே சொன்ன அளவுகோல்களை வைத்து, நான் ஆடிப் பார்த்தவற்றையும் நன்கு தெரிந்துகொண்டவற்றையும் சொல்கிறேன்.

ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு 2017-இல் வெளிவந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸ் முதல் தேர்வு. நான் முதலில் வாங்கிய பந்தய விளையாட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். இதில் வண்டி சாலையை விட்டு விலகாமல் தானே திருப்பிக்கொள்ளும் ஒரு வசதியும், பொத்தானை அழுத்தாமலே வண்டி ஓடும் இன்னொரு வசதியும் உண்டு. ஆளுக்கு ஆள் தனித்தனியாக அவற்றைப் போட்டுக்கொள்ளலாம். மேலும், பின்னால் வருபவர்களுக்குத்தான் வலிமையான ஆயுதங்கள் கிடைக்கும்; முதலில் போகிறவரைத் தேடிச் சென்று தாக்கும் நீல ஓடு ஒன்றும் இருக்கிறது. பாட்டி அதை ஒருமுறை என் அக்காள் மகன் மீது எறிந்ததைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் பேச்சு நிற்கவில்லை. ஒரு பந்தயம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிவதால் கன்ட்ரோலரை மாற்றிக்கொள்ளலாம். நான்காகப் பிரியும் திரை என்பதே குறை. சிறிய தொலைக்காட்சி என்றால் இருவர் இருவராக ஆடுங்கள்.

பரமபதக் குணம் வேண்டுமானால் 2021-இல் வந்த மரியோ பார்ட்டி சூப்பர்ஸ்டார்ஸ். பகடை உருட்டிக் கட்டங்களில் நகர வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு சிறு போட்டி. ஐந்து பலகைகள், நூறு சிறு போட்டிகள். கடைசி நிமிடத்தில் வழங்கப்படும் போனஸ் நட்சத்திரங்கள் வெற்றியைத் தலைகீழாக்கிவிடும் என்பதால் கடைசியில் இருப்பவரும் நம்பிக்கை இழப்பதில்லை. இதில் மிகச் சிறிய ஆட்டமே பத்துச் சுற்று என்பதால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏழு பேருக்கு அது நீளம். காத்திருப்பவரை ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் ஓர் இணையாக உட்காரவைத்து, பகடை உருட்டுவது ஒருவர், சிறு போட்டி ஆடுவது இன்னொருவர் என்று நாங்கள் பிரித்துக்கொள்கிறோம்.

ஓவர்குக்ட் தொடர், கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் ஆகிய எல்லாவற்றிலும் கிடைக்கிறது. நான்கு பேர்வரை ஒரே சமையற்கட்டில் காய் நறுக்கி, வேகவைத்து, தட்டுக் கழுவி, கேட்ட உணவை நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்கப்படும் உணவு படமாகவே வருவதால் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கேமராவைத் திருப்பும் வேலையும் இல்லை. எல்லோரும் ஒரே திரையில் இருக்கிறார்கள். ஒரே கன்ட்ரோலரின் இடப்பாதியை ஒருவரும் வலப்பாதியை மற்றவரும் பிடித்துக்கொண்டு ஆடும் வசதியும் உண்டு என்பதால் இரண்டு கன்ட்ரோலர்களே நான்கு பேருக்குப் போதும். முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்து 2020-இல் வெளிவந்த 'ஆல் யூ கேன் ஈட்' தொகுப்பையே வாங்குங்கள். அதில் நேரத்தை நீட்டிக்கவும், கடினமான கட்டத்தைத் தாண்டிச் செல்லவும் உதவும் முறை ஒன்று இருக்கிறது. அந்த உதவி இல்லாமல் ஆடினால், பிந்தைய கட்டங்களில் தரை பிளந்து சமையற்கட்டே இரண்டாகும்போது பெரியவர்கள் திகைத்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் தட்டுக் கழுவும் வேலையை என் தந்தை கேட்டு வாங்கிக்கொண்டார். உண்மையான சமையற்கட்டில் அதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை என்று என் தாயார் சொன்னார்.

எழுந்து நின்று ஆட விருப்பம் உள்ளவர்களுக்கு ஜஸ்ட் டான்ஸ் தொடரும், 2022-இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸும் இருக்கின்றன. படுகர் வீட்டு விசேஷங்களில் வட்டமாக ஆடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடி எளிதாக இருந்தால் வயது ஒரு தடை அல்ல. ஜஸ்ட் டான்ஸ் விளையாட்டு, கருவியைப் பிடித்திருக்கும் கையின் அசைவை மட்டுமே கணக்கில் எடுக்கும். ஆகவே கால் வலிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து வலக்கையை மட்டும் வீசியும் மதிப்பெண் பெறலாம். கைப்பேசியையே கருவியாகப் பயன்படுத்தும் வசதியும் அதில் உண்டு. ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸில் பந்துருட்டும் ஆட்டம் முதியவர்களுக்கு உகந்தது. மணிக்கட்டுப் பட்டையைக் கட்டாமல் யாரையும் ஆடவிடாதீர்கள். தாழ்ந்த கூரையும் தொங்கும் விளக்கும் உள்ள பழைய வீடுகளிலும், சுவர் பொதுவாக உள்ள லைன் வீடுகளிலும் இவற்றை யோசித்தே வாங்க வேண்டும்.

கன்ட்ரோலரே வேண்டாம் என்பவர்கள் ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக் தொகுப்புகளைப் பரிந்துரைப்பார்கள். திரையில் தோன்றும் நான்கெழுத்துக் குறியீட்டை ஆளுக்கொரு கைப்பேசியில் போட்டு, பெரும்பாலான ஆட்டங்களில் எட்டுப் பேர்வரை சேரலாம். கல்லூரிப் பிள்ளைகள் கூடினால் இதற்கு நிகர் இல்லை. ஆனால் இணையம் கட்டாயம் வேண்டும். நகைச்சுவையும் கேள்விகளும் ஆங்கிலம் பேசும் நாடுகளின் பழக்கவழக்கங்களைச் சார்ந்தவை. சில ஆட்டங்கள் குழந்தைகளுக்கு ஏற்றவை அல்ல. எங்கள் வீட்டுக்கு இது பொருந்தவில்லை.

குறைந்த செலவில் நிறையப் பேரை ஈடுபடுத்த 2015-இல் வெளிவந்த 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' நல்லது. ஒருவர் மட்டும் திரையில் வெடிகுண்டைப் பார்ப்பார். மற்றவர்கள் திரையைப் பார்க்காமல், 23 பக்கக் கையேட்டைப் புரட்டி, எந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்று சொல்வார்கள். முதல் குண்டுக்கு ஐந்து நிமிடம். கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. அச்சிட்டு வைத்துக்கொண்டால் போதும், ஒரு கருவியும் ஒரு பிரதியும் ஆறேழு பேருக்குப் போதுமானவை. கையேடு ஆங்கிலத்தில் இருப்பதால், படிப்பவர் தமிழில் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைப் பள்ளிப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அவர்களுக்கு அதில் தனிப் பெருமை. மழை மாதங்களுக்கு மட்டும் இது ஆகாது.

ராக்கெட் லீக் இலவசமாகக் கிடைப்பதாலும் கன்சோலில் நான்கு பேர் ஆடலாம் என்பதாலும் பலர் அதைச் சொல்வார்கள். கார்களால் பந்தாடும் அருமையான விளையாட்டு. ஆனால் கேமரா பற்றி முதல் படியில் சொன்ன தடை முழுவதும் அதில் இருக்கிறது. இளைஞர்களுக்கு விட்டுவிடலாம்.

ஆறாம் படி: பணம் கொடுக்கும் முன்

அட்டையில் 'நான்கு பேர்' என்று இருந்தால், ஒரே அறையில் ஒரே திரையில் நான்கு பேரா, இணையத்தில் நான்கு வீடுகளில் நான்கு கருவிகளா என்று பாருங்கள். ஹ்யூமன் ஃபால் ஃபிளாட் என்னும் வேடிக்கையான விளையாட்டில் இணையத்தில் எட்டுப் பேர்வரை சேரலாம். ஒரே திரையில் இரண்டு பேர்தாம். ஸ்டீம் கடையில் 'ஷேர்டு' அல்லது 'ஸ்ப்ளிட் ஸ்கிரீன்' என்னும் குறிப்பு இருக்க வேண்டும்.

வயதுக் குறியீட்டைப் பாருங்கள். ஐரோப்பியக் குறியீடு 3, 7, 12, 16, 18 என்று இருக்கும். அமெரிக்கக் குறியீட்டில் 'ஈ' என்றால் எல்லோருக்கும், 'எம்' என்றால் பதினேழு வயது முதல். இவை உள்ளடக்கத்தைத்தான் சொல்கின்றன, கடினத்தைச் சொல்வதில்லை. 3 என்று போட்ட விளையாட்டை மூன்று வயதுக் குழந்தையால் ஆட முடியும் என்று பொருள் ஆகாது. குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால், பளிச்சென்று மின்னும் காட்சிகள் பற்றிய எச்சரிக்கையைப் படித்து மருத்துவரிடம் கேட்ட பிறகே வாங்குங்கள்.

ஏழாம் படி: முதல் மாலை

புதிய கருவி முதல் நாளில் பதிவிறக்கமும் புதுப்பிப்பும் கேட்டே தீரும். எல்லோரும் தேநீர்க் குவளையுடன் உட்கார்ந்த பிறகு அதைத் தொடங்கினால் அன்றைய மாலை அதோடு சரி. வெள்ளிக்கிழமை இரவே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். தொலைக்காட்சியின் அமைப்பில் 'கேம் மோடு' இருந்தால் போட்டுவையுங்கள். அழுத்திய பிறகு ஆள் தாமதமாகக் குதிப்பதற்குப் பெரும்பாலும் தொலைக்காட்சியின் பட மெருகேற்றமே காரணம், ஆடுபவரின் கை அல்ல.

சனிக்கிழமை, கூட்டம் இல்லாத நேரத்தில், தாளில் நீங்கள் மிகக் கவலையோடு குறித்தவருக்கு மட்டும் இருபது நிமிடம் கற்றுக்கொடுங்கள். பலர் முன் முதன்முறையாகத் தவறுவதற்குப் பெரியவர்கள் கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்தைத்தான் 'எனக்கு இதில் விருப்பம் இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். ஞாயிறு மாலை முதல் கன்ட்ரோலரை அவர் கையிலேயே கொடுங்கள். நன்றாக ஆடுபவரை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள், ஆனால் கன்ட்ரோலரைப் பிடுங்கிச் செய்து காட்ட அவருக்கு அனுமதி இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சட்டம் இதுதான். வர்க்கியை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பொடி ஸ்டிக்கின் இடுக்கில் போனால் எடுப்பது கடினம், நெய்ப்பசை பொத்தான்களில் ஒட்டிக்கொள்ளும்.

முடிந்ததும் கருவியைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். சுவரோரமாகத் தரையில் விட்டுவிட்டால் மழைக்கால ஈரம் உள்ளே இறங்கும். உறைபனி இரவில் காரிலேயே கிடந்த கருவியை வீட்டுக்குள் கொண்டுவந்தவுடன் போடாமல், உள்ளே நீர் பூத்திருந்தால் காயட்டும் என்று இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது ஞாயிறு வரும்போது, நீங்கள் சொல்லாமல் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகள் மட்டுமே வந்தால், ஸ்டீமில் வாங்கியிருப்பவர்கள் 14 நாள் முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்காகவே அதுவரை மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜ் என்றால் உறவினர் வீட்டில் இருப்பதோடு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் முதல் கார்ப் பந்தயம் இப்போது குன்னூரில் என் சித்தப்பா மகன் வீட்டில் இருக்கிறது. அங்கே மூவரும் இருபது வயதுக்காரர்கள், அவர்களுக்கு அது மிகவும் பிடித்திருக்கிறதாம்.